வீட்டில் பழைய கொரிய நோட்டு இருக்கா? செல்லுமா, செல்லாதா... எங்கே மாற்றுவது?

பீரோவை ஒழித்து அடுக்கும்போது, பழைய பாஸ்போர்ட் உறைக்குள் இருந்து நாலு 10,000 வோன் நோட்டு விழுகிறது. 2004-ல் கம்பெனி பயிற்சிக்காக தென் கொரியா போய் வந்தவர் செலவழிக்காமல் கொண்டு வந்த மிச்சம். இப்போதைய 10,000 வோன் எப்படி இருக்கும் என்று போனில் தேடிப் பார்த்தால் அதே தாடி வைத்த ராஜா, அதே பச்சை நிறம். ஆனால் கையில் இருக்கும் நோட்டு கொஞ்சம் பெரிசு. பளபளக்கும் ஹாலோகிராம் ஒட்டும் அதில் இல்லை. வெளிநாட்டுப் பணம் மாற்றும் கடைக்கு எடுத்துப் போனால், "இது பழசு சார், நாங்க எடுக்க மாட்டோம்" என்று திருப்பித் தந்துவிடுகிறார்கள்.

அப்போ அது வெறும் காகிதம்தானா? இல்லை. அந்த நாலு நோட்டுக்கும் இன்றைக்கும் முழு 40,000 வோன் மதிப்பு இருக்கிறது. ஒரு ரூபாய்க்கு சுமார் 16 வோன் என்று வைத்தாலும் ரூ.2,500 வரும். நம்மூர் கடையில் மாறாது, அவ்வளவுதான்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கொரிய நிறுவனங்களில் வேலை பார்த்து கொரியா போய் வந்தவர்கள், அங்கே படித்துவிட்டுத் திரும்பியவர்கள் என்று தமிழ்நாட்டில் இப்படி நோட்டு வைத்திருப்பவர்கள் உண்டு. தூக்கிப் போடுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்.

'நிறுத்தப்பட்டது' வேறு, 'செல்லாது' வேறு

குழப்பமே இங்கேதான் ஆரம்பிக்கிறது. 2016 நவம்பர் 8-ம் தேதி இரவைப் பார்த்த நமக்கு, 'பழைய நோட்டு' என்ற வார்த்தையைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். அன்று 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றே அறிவிக்கப்பட்டன. கெடு முடிந்ததும் கதை முடிந்தது. ஆனால் 2023 மே 19-ல் 2,000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெற்றபோது ரிசர்வ் வங்கி அப்படிச் செய்யவில்லை. புழக்கத்தில் இருந்து எடுக்கிறோம், ஆனால் சட்டப்படி அது பணம்தான் என்றது.

கொரியாவின் மத்திய வங்கியான பேங்க் ஆஃப் கொரியா கடைப்பிடிப்பது இந்த இரண்டாவது வழியைத்தான். புது வடிவ நோட்டு வந்ததும் பழைய வடிவத்தை அச்சடிப்பதையும் வெளியிடுவதையும் நிறுத்திவிடும். வங்கிக்குத் திரும்பி வரும் பழைய நோட்டுகளை மறுபடி வெளியே விடாது. ஆனால் உங்கள் கையில் இருப்பதை 'செல்லாது' என்று சொல்லாது. கொண்டு வந்து கொடுத்தால் அதே தொகைக்குப் புது நோட்டு தரும். இதற்குக் கடைசித் தேதியே கிடையாது.

ஒரே ஒரு எல்லைக்கோடு மட்டும் இருக்கிறது: 1962 ஜூன் 10. அந்தத் தேதியில் இருந்து பேங்க் ஆஃப் கொரியா வெளியிட்ட வோன் நோட்டு உயிரோடு இருக்கிறது. அதற்கு முந்தைய நோட்டுகளுக்கு வங்கியில் மதிப்பு பூஜ்ஜியம்.

1962 ஜூன் 10-ல் என்ன நடந்தது?

அப்போது தென் கொரியாவில் பாக் சுங் ஹீ தலைமையில் ராணுவ ஆட்சி. நம் பத்திரிகைகள் பார்க் சுங் ஹீ என்று எழுதுவார்களே, அவர்தான். நாட்டின் பணத்துக்கு அப்போது 'ஹ்வான்' என்று பெயர். திடீரென 10 ஹ்வானுக்கு 1 வோன் என்று புதுப் பணம் அறிவிக்கப்பட்டது. நோட்டுகளை இங்கிலாந்தில் ரகசியமாக அச்சடித்துக் கொண்டு வந்திருந்தார்கள். பதுக்கி வைத்திருக்கும் பணத்தை வெளியே இழுத்து, தொழில் முதலீட்டுக்குத் திருப்பிவிடலாம் என்பது கணக்கு. பழைய பணம் முழுவதையும் வங்கியில் கட்ட வேண்டும், செலவுக்கு ஆளுக்கு 500 வோன்வரைதான் உடனே கையில் கிடைக்கும், மீதி வங்கியிலேயே முடங்கும் என்றார்கள். எதிர்பார்த்த அளவுக்குப் பதுக்கல் பணம் வெளியே வரவில்லை. வியாபாரம் படுத்தது. அமெரிக்காவும் கடுமையாக எதிர்த்தது. கடைசியில் முடக்கிய பணத்தை விடுவிக்க வேண்டியதாயிற்று.

அதில் மாட்டிக்கொண்ட ஒரு நோட்டின் கதை பரிதாபமானது. 1962 மே 16-ல் ஒரு 100 ஹ்வான் நோட்டு வெளியானது. ஒரு தாயும் மகனும் சேமிப்புக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் படம். மக்கள் சேமிக்க வேண்டும் என்பதற்காகவே போட்ட படம். 25-வது நாளில் ஹ்வானே ஒழிக்கப்பட்டது. கொரிய வரலாற்றில் மிகக் குறைந்த நாள் வாழ்ந்த நோட்டு அதுதான். வங்கியில் அதற்குப் பத்துப் பைசா கிடைக்காது. சேகரிப்பாளர்களோ அதைத்தான் தேடி அலைகிறார்கள்.

ஹ்வான் காலத்துக்கும் முன்பு இன்னொரு 'வோன்' இருந்தது. 1950 ஜூன் 12-ல் பேங்க் ஆஃப் கொரியா தொடங்கப்பட்டது. பதிமூன்றே நாளில் போர் வெடித்தது. சியோலைப் பிடித்த வட கொரியப் படைகளின் கையில், பழைய சோசன் வங்கியின் வெளியிடாத நோட்டுகளும் சிக்கின. அவை சந்தைக்குள் வந்துவிடக் கூடாது என்பதற்காக, ஜப்பானில் அவசரமாக அச்சடித்த புது நோட்டுகளை தேகு நகரில் இருந்து வெளியிட்டார்கள். பழைய சோசன் வங்கி நோட்டுகளைக் கட்டம் கட்டமாகத் திரும்ப வாங்கினார்கள். 1953 பிப்ரவரியில் அந்த வோனும் போய், 100 வோனுக்கு 1 ஹ்வான் ஆனது. ஒன்பது ஆண்டு கழித்து ஹ்வானும் போனது.

ஒரு தலைமுறை கொரியர்கள் பன்னிரண்டு வருடத்துக்குள் மூன்று முறை தங்கள் கைப்பணத்தை வரிசையில் நின்று மாற்றியிருக்கிறார்கள். நாலாவது முறை அப்படி நடக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனை முறை நோட்டின் முகம் மாறினாலும், வோன் வோனாகவே இருக்கிறது.

கையில் இருப்பது எந்தக் காலத்து நோட்டு? எப்படிக் கண்டுபிடிப்பது?

கொரிய எழுத்து தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு ஸ்கேல் போதும்.

இப்போது புழக்கத்தில் இருக்கும் நாலு நோட்டுக்கும் உயரம் ஒன்றுதான்: 68 மில்லிமீட்டர். நீளம்தான் மாறும். 1,000 வோன் 136, 5,000 வோன் 142, 10,000 வோன் 148, 50,000 வோன் 154 மில்லிமீட்டர். இவற்றில் 5,000 வோன் 2006 ஜனவரியிலும், 1,000, 10,000 இரண்டும் 2007 ஜனவரியிலும் வந்தன. 50,000 வோன் நோட்டு 2009 ஜூன் 23-ல்தான் முதன்முதலாக வெளியானது. அதனால் 50,000-ல் 'பழையது' என்ற பேச்சே இல்லை.

உங்கள் நோட்டின் உயரம் 76 மில்லிமீட்டர் இருந்தால், அது 1983-க்குப் பிறகு வந்த முந்தைய வரிசை. நம்மூரில் பெரும்பாலும் அகப்படுவது இதுதான். செல்லும், கவலையில்லை. அதைவிடப் பெரிசாக இருந்தால் இன்னும் பழையது. 1972-ல் வந்த முதல் 5,000 வோன் நோட்டும் அந்தக் காலத்ததுதான். அதில் இருக்கும் யுல்கோக் என்ற கொரிய அறிஞரின் முகம் நீண்ட மூக்கோடு வெள்ளைக்காரர் போலவே இருக்கும். அச்சுத்தகடு செய்தது இங்கிலாந்து நிறுவனம். 'இது எங்க ஊர் ஆள் மாதிரியே இல்லையே' என்று பேச்சு கிளம்பி, பிறகு 1977-ல் புது முகத்தோடு வந்தது. அந்த வெள்ளைக்கார யுல்கோக்கும் செல்லுபடியாகும் பணம்தான்.

செல்லாத நோட்டுக்கு இரண்டு அடையாளம். முதலாவது, வெள்ளைத் தலைமுடியோடு கோட்டு போட்ட முதியவர். அவர் முதல் அதிபர் சிங்மன் ரீ. 1960 மாணவர் எழுச்சியில் பதவி இழந்தார். நோட்டில் இருந்தும் நீக்கப்பட்டார். அவர் முகம் இருக்கிற எந்த நோட்டும் இன்று செல்லாது. (1956-ல் வந்த 500 ஹ்வானில் அவர் படம் நட்டநடுவில் இருந்தது. நோட்டை மடித்தால் அதிபர் முகமும் மடிந்தது. 1958-ல் வந்த அடுத்த நோட்டில் படத்தை வலப்பக்கம் தள்ளினார்கள்.)

இரண்டாவது அடையாளம், 42 என்று தொடங்கும் நான்கு இலக்க ஆண்டு. அந்தக் காலத்தில் கொரியர்கள் தங்கள் புராண அரசர் தங்குன் பெயரிலான ஆண்டுக் கணக்கைப் பயன்படுத்தினார்கள். 4292 என்றால் அதில் இருந்து 2333-ஐக் கழிக்க வேண்டும், 1959. அது ஹ்வான் காலம்.

'வோன்' என்று ஆங்கிலத்தில் அச்சாகி இருக்கே, அப்போ செல்லும்தானே என்று அவசரப்பட வேண்டாம். 1953-ல் அமெரிக்காவில் அச்சடித்த முதல் ஹ்வான் நோட்டுகளிலேயே 'வோன்' என்றுதான் போட்டிருக்கும். பெயரை நம்பாதீர்கள்.

தாடி வைத்த ராஜாவை மட்டும் வைத்தும் முடிவு செய்யக் கூடாது. அவர் கொரிய எழுத்துகளை உருவாக்கிய அரசர் செஜோங். 1960-ல் வந்த 1,000 ஹ்வானிலும் இருக்கிறார், இன்றைய 10,000 வோனிலும் இருக்கிறார். 10,000 என்ற எண்ணோடு இருந்தால் நிம்மதி.

எங்கே போய் மாற்றுவது?

கொரியாவில்தான். சுற்றி வளைக்காமல் சொன்னால், வேறு வழி எதையும் நம்பிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

சியோலில் நம்தேமுன் பக்கம் பேங்க் ஆஃப் கொரியாவின் தலைமையகம் இருக்கிறது. அதன் பழைய கல் கட்டடம் 1912-ல் கட்டி முடிக்கப்பட்டது, இப்போது பண அருங்காட்சியகம். புசான், தேகு, குவாங்ஜு, தேஜோன், இஞ்சோன், ஜேஜு என்று பல ஊர்களில் மண்டல அலுவலகங்களும் உண்டு. மத்திய வங்கி என்றதும் பயப்பட வேண்டாம். பொதுமக்கள் நோட்டு, நாணயம் மாற்றுவதற்கென்று அங்கே கவுன்டர் இருக்கிறது. 1983-க்குப் பிறகு வந்த, அதாவது நம் வீட்டில் கிடைக்கிற வகை நோட்டு என்றால், சாதாரண வணிக வங்கிக் கிளையிலேயே முயற்சி செய்யலாம். 1960, 70-களின் நோட்டு என்றால் கவுன்டரில் இருக்கும் இளம் ஊழியரே அதை முதல்முறையாகப் பார்க்கிறவராக இருப்பார். அதற்கு நேராக மத்திய வங்கிக்கே போவது நல்லது.

ஒன்றைக் கவனியுங்கள். பேங்க் ஆஃப் கொரியா பழைய வோனுக்குப் புது வோன்தான் தரும். டாலரோ ரூபாயோ தராது. புது நோட்டை வாங்கிக்கொண்டு, நடந்து போகிற தூரத்தில் இருக்கும் மியோங்டாங் கடைவீதியின் பணமாற்றுக் கடைகளில் மாற்றிக்கொள்ளலாம்.

பழைய நோட்டு சட்டப்படி பணம்தானே, கடையிலேயே நீட்டினால் என்ன? நீட்டலாம்தான். ஆனால் டிக்கெட் மெஷினும் ஏடிஎம்மும் விழுங்காது. கடைக்காரர் வாங்கினால் அது அவருடைய பெருந்தன்மை. அவர் தயங்குவதற்கும் காரணம் இருக்கிறது. 1983 வடிவ 5,000 வோன் நோட்டைக் கள்ளத்தனமாக அச்சடித்து ஓர் ஆள் எட்டு வருடம் கொரியப் போலீசை அலைய விட்டார். வரிசை எண்ணில் '77246' என்று வரும் கள்ளநோட்டுகள் அவை. சிறு கடைகளாகப் பார்த்து மாற்றினார். சுமார் 50,000 நோட்டுகள். 2013 ஜூனில், ஏற்கெனவே ஏமாந்த ஒரு சிறு கடைக்காரர் எண்ணை நினைவில் வைத்திருந்து, அந்த ஆள் மறுபடி வந்தபோது அடையாளம் கண்டு போலீசுக்குச் சொன்னதால்தான் பிடிபட்டார். 2006-ல் மற்ற நோட்டுகளை விட முந்திக்கொண்டு 5,000 வோனுக்குப் புது வடிவம் வந்ததன் பின்னணியிலும் இப்படிப்பட்ட கள்ளநோட்டுத் தொல்லைதான் இருந்தது. வங்கியில் நீங்கள் தரும் நோட்டு கள்ளநோட்டு என்று தெரிந்தால் ஈடு எதுவும் கிடைக்காது. நோட்டு போலீசுக்குப் போகும்.

கிழிந்தது, எரிந்தது, துவைத்தது...

இதற்கும் தெளிவான கணக்கு உண்டு. நோட்டின் பரப்பில் நாலில் மூன்று பங்கோ அதற்கு மேலோ மிச்சம் இருந்தால் முழுத் தொகை. ஐந்தில் இரண்டு பங்குக்குக் குறையாமல், ஆனால் முக்கால் பங்குக்குக் கீழே இருந்தால் பாதித் தொகை. அதற்கும் கீழே போனால் ஒன்றும் கிடையாது.

எரிந்த நோட்டு என்றால், சாம்பலைத் தட்டிவிடக் கூடாது. சாம்பல் நோட்டோடு ஒட்டியிருந்து, இன்ன நோட்டின் பகுதி என்று தெரிந்தால் அதையும் பரப்பில் சேர்த்து அளப்பார்கள். அதனால் எந்தப் பெட்டியில் எரிந்ததோ அந்தப் பெட்டியோடேயே தூக்கிக்கொண்டு போவது உத்தமம்.

2020-ல் கொரோனா பயத்தில் அங்கே நடந்தது இன்னும் விசித்திரம். அன்சான் நகரைச் சேர்ந்த ஒருவர், வீட்டுத் துக்கத்துக்கு உறவினர்கள் மொய்யாகத் தந்த பணத்தில் வைரஸ் ஒட்டியிருக்குமோ என்று வாஷிங் மெஷினில் போட்டுத் துவைத்துவிட்டார். நோட்டுகள் நாராகக் கிழிந்தன. மத்திய வங்கி ஊழியர்கள் துண்டு துண்டாக அளந்து பார்த்து 2 கோடி வோனுக்கும் மேல் மாற்றிக் கொடுத்தார்கள். சிலர் கிருமி சாகட்டும் என்று மைக்ரோவேவ் அடுப்பில் வைத்து எரித்தார்கள். நோட்டில் உலோக இழையும் ஹாலோகிராமும் இருக்கிறது, தீப்பிடிக்காமல் என்ன செய்யும்? அப்படிச் செய்யாதீர்கள் என்று வங்கியே அறிக்கை விட வேண்டியதாயிற்று.

நாணயத்துக்கு என்ன வழி? 1, 5 வோன் நாணயங்கள் அன்றாடப் புழக்கத்தில் இல்லை என்றாலும் சட்டப்படி பணம்தான். பழைய 10, 50 ஹ்வான் நாணயங்கள் 1962-க்குப் பிறகும் 1, 5 வோனாக ஓடிக்கொண்டிருந்தன. 1975 மார்ச் 22-ல் அவையும் நின்றன. கொரியாவை விட்டுக் கிளம்புகிறவர்கள் சில்லறையை அங்கேயே செலவழித்துவிடுவதே நல்லது. இங்கே பணமாற்றுக் கடைகள் நாணயம் வாங்குவதில்லை.

இது வட கொரிய நோட்டாக இருந்தால்?

வட கொரியப் பணத்துக்கும் 'வோன்' என்றே பெயர். பழைய 5,000 வோனில் கிம் இல் சுங் சிரித்துக்கொண்டிருப்பார். தென் கொரியாவில் எந்த வங்கியும் அதை மாற்றாது. அதன் பின்னால் இருக்கும் கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

2009 நவம்பர் 30. வட கொரிய அரசு திடீரென்று 100 பழைய வோனுக்கு 1 புது வோன் என்று அறிவித்தது. மாற்றிக்கொள்ள ஒரு வாரம்தான் கெடு. அதிலும் ஒரு குடும்பம் 1 லட்சம் பழைய வோன்வரைதான் மாற்ற முடியும். கள்ளச்சந்தை மதிப்பில் அது சில பத்து டாலர்கள்தான். சந்தையில் காய்கறியும் துணியும் விற்று வருடக்கணக்காகச் சேர்த்த பணம் ஒரே வாரத்தில் குப்பை ஆனது. எதிர்ப்புக் கிளம்பியதும் வரம்பைக் கொஞ்சம் உயர்த்தினார்கள் என்றும், இதற்குப் பொறுப்பான அதிகாரி பாக் நம் கி பிறகு சுட்டுக் கொல்லப்பட்டார் என்றும் தென் கொரிய ஊடகங்கள் செய்தி வெளியிட்டன.

எல்லைக்கோட்டுக்குத் தெற்கே 1960-களின் நோட்டுக்குக் கூட கடைசித் தேதி இல்லை. வடக்கே ஏழு நாள். பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் ஒரே பணம் இல்லை.

வங்கியில் கொடுப்பதற்கு முன் ஒரு நிமிடம்

மத்திய வங்கி நோட்டில் போட்டிருக்கும் தொகையைத்தான் தரும். 1966-ல் வந்த 500 வோன் நோட்டைக் கொடுத்தால் ஒரு 500 வோன் நாணயம் கிடைக்கும். நம் கணக்கில் முப்பது ரூபாய் சொச்சம்.

ஆனால் அந்த 500 வோன் நோட்டு சாதாரண நோட்டு இல்லை. முன்பக்கம் சியோலின் நம்தேமுன் கோட்டை வாசல், பின்பக்கம் 'ஆமைக் கப்பல்' என்ற பழைய போர்க்கப்பல். 1971-ல் ஹூண்டாய் நிறுவனர் சுங் ஜூ யுங், கப்பல் கட்டும் தளம் அமைக்கக் கடன் தேடி லண்டன் போனார். கப்பல் கட்டி அனுபவமே இல்லாத நாட்டுக்கு யார் கடன் தருவார்கள்? பரிந்துரைக் கடிதம் தர வேண்டிய பிரிட்டிஷ் நிறுவனத் தலைவரிடம் பையில் இருந்து இந்த 500 வோன் நோட்டை எடுத்துக் காட்டி, 'உங்களுக்கு முன்னூறு வருடம் முன்பே நாங்கள் இரும்புக் கவசக் கப்பல் கட்டியவர்கள்' என்று சொன்னாராம். அவரே பின்னாளில் சொன்ன கதை இது. கடிதம் கிடைத்தது. உல்சானில் தளம் எழுந்தது. இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை வைத்திருக்கும் அதே ஹூண்டாய்தான்.

அதனால் 1983-க்கு முந்தைய நோட்டு, அதிலும் மடிப்பு விழாத நோட்டு கையில் இருந்தால் முதலில் பழைய பணம் சேகரிப்பவர்களிடம் விலை விசாரித்துப் பாருங்கள். நாணயத்துக்கும் இது பொருந்தும். 1998-ல் அச்சான 500 வோன் நாணயம் மொத்தமே 8,000தான். சேகரிப்புச் சந்தையில் அதற்கு லட்சக்கணக்கான வோன் கொடுக்கிறார்கள். மாறாக, 1990-களின் கசங்கிய 10,000 வோனைப் பொக்கிஷம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கோடிக்கணக்கில் அச்சடித்த நோட்டு அது. முகமதிப்புதான் அதன் விலை.

கொரியாவுக்குப் போகிற நண்பரிடம் கொடுத்தனுப்புகிறவர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். 10,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேல் ரொக்கம் கொண்டு போனால், வோனாக இருந்தாலும் கொரிய சுங்கத்துறையிடம் அறிவிக்க வேண்டும். நாலைந்து நோட்டுக்கு அந்தப் பிரச்னை வராது. இந்தியாவில் வசிப்பவர்கள், வெளிநாடு போய் வந்த மிச்சத்தில் 2,000 டாலர் மதிப்புவரையிலான அந்நிய நோட்டுகளைக் கையில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இருப்பதை ஊர் திரும்பிய 180 நாட்களுக்குள் வங்கியிலோ அங்கீகாரம் பெற்ற பணமாற்றுக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்பது இங்கே விதி.